பேச வந்தவன்

மூன்று மாத விசா.
இரண்டு சைக்கிள்கள், இரண்டுக்குமாக ஒரே பூட்டு.
பாங்கு ஓய்கிற நேரத்தில் ருவாட்டா கெட்டிலை வைப்பான்.
முழங்காலில் இருந்தபடியே நான்
நீர் கொதிக்கிற சத்தத்தை
பதில் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

அவன் மிசோரம் மலைக்காரன்.
கடலை முதன்முதலாகக் கண்டது இங்கே, டச்சுக்குடாவில்.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல நின்றான்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது நாற்பது சொல்.
எனக்கோ நாசரேத்தில் பிறந்த தமிழ்,
மேடை ஏறிப் பரிசு வாங்கிய தமிழ்.
அனுப்பிவைக்கும்போது சொன்னார்கள்:
"உனக்கென்ன ஜெபசிங், மொழி இருக்கிறது."

ஏகாம்பரம் வீதி திரும்புகிற இடத்தில்
வாழைப்பழத் தோலுக்கு வந்த புள்ளிமான்
என் சைக்கிள் கூடைக்குள் தலையை விட்டது.
கைப்பிரதிகள் பதினொன்று.
நிதானமாக, ஒவ்வொன்றாக,
பின் குத்திய மூலையை மட்டும் மிச்சம் வைத்து.
மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே கேட்டார்:
"என்ன தம்பி, மான் ரட்சிக்கப்பட்டிட்டுதோ?"
ருவாட்டாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
டைக் வீதி முடியும்வரை
சிரித்துக்கொண்டே மிதித்தான்.

திருக்கடலூரில், பத்மலோஜினி அக்கா வீடு.
பயிற்சியில் சொல்லித்தந்தபடி
புன்னகைத்து, ஓரடி பின்னே நின்று,
"உங்களோடு கொஞ்சம் பேச வந்தோம்" என்றேன்.
சுளகைக் கீழே வைத்தாள்.
"பேசவோ? நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?"

இங்கே பேசுவது என்றால் ஏசுவது.
இயேசுவைச் சொல்ல வந்தவன்
ஏசுகிறவனாக நின்றேன்,
கழுத்துப் பட்டி வியர்வையில் ஒட்ட.

"இந்தப் படலைக்கு வந்து பேசினவை கனபேர், தம்பி.
துவக்கோட வந்து பேசினவை,
கொப்பி பேனையோட வந்து பேசினவை,
வோட்டுக்கு வந்து பேசினவை.
நீ பேசாமல் இரன். கதைப்பம்."

இருந்தேன்.
ருவாட்டா எனக்கு முன்பே இருந்துவிட்டான்,
சூடை மீன் கழுவுகிற சட்டிக்குப் பக்கத்தில்.
எங்களூரில் அது சாளை.
"அக்கா, கத்தி" என்றான்.
நாற்பதில் இரண்டு சொல் போதுமாயிருந்தது.

இரண்டு மணி நேரம் கதைத்தோம்.
படகு எஞ்சினுக்குக் கட்டாத தவணை,
மகளுக்கு ஒத்துவராத நுளம்புத் திரி,
பாண் விலை,
குழாயில் தண்ணீர் வருகிற நேரம்,
இந்தியாவில் சீலை மலிவோ என்ற கேள்வி,
எனக்குத் தெரியாது என்ற பதில்,
"பிறகென்ன இந்தியாக்காரன்" என்ற சிரிப்பு.
சுவரில் இருந்த படத்தைப் பற்றி மட்டும்
அவள் ஒன்றும் கதைக்கவில்லை.
பள்ளிச் சட்டை, வலப்பக்கம் எடுத்த வகிடு.
என்னைவிட இளையவன், அல்லது
என்னைவிட மூத்திருக்க வேண்டியவன்.

அதற்கென்று ஒரு வசனம் என் பையில் இருந்தது.
நாடா வைத்துக் குறித்த பக்கம்.
கையைக் கொண்டுபோனேன். விரலெல்லாம் செதில்.
திறக்கவில்லை.
செதில்தான் காரணம் என்று
இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புறப்படும்போது சொன்னாள்:
"வியாழக்கிழமை கணவாய் வரும். வாங்கோ.
அந்தப் பையை அங்கேயே வச்சிட்டு வாங்கோ,
கைக்கு வேலை கிடக்கு."

ராத்திரி மின்விசிறி நின்றுபோன அறையில்
அறிக்கைப் படிவம்.
சந்தித்த வீடுகள்: ஒன்று.
பகிர்ந்த வசனம்: கோடு.
கொடுத்த பிரதிகள்: பதினொன்று என்று எழுதி,
அடித்து,
மறுபடியும் பதினொன்று என்றே எழுதினேன்.
அடுத்த கட்டிலில் ருவாட்டா
டார்ச் வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்து
நாற்பத்தொன்றாவது சொல்லை
எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்:
செ, தி, ல்.

சனிக்கிழமை ஐயா அழைத்தார்.
தூரத்தில் எங்கள் ஆலயத்துப் பாடகர் ஒத்திகை கேட்டது.
"இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினாய், ஜெபசிங்?"

"ஒருவரிடமும் பேசவில்லை, ஐயா."

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை.
விளக்கிச் சொல்ல இருபது ரூபாய் மீதி இருந்தது.
வெளியே மான் ஒன்று
மதில் ஓரத்துக் குப்பையில்
பொலித்தீன் எது, காகிதம் எது என்று
முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது.